காற்றுக்குழாய்க்குள் கதைத்தவர்

அவருடைய முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது இரண்டு கால்கள்தான். ஏணியின் நடுப்படியில் ஊன்றி நிற்கும் கால்கள். சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை, பெருவிரல் பக்கம் கறுப்பு நூலால் போட்ட தையல். இடுப்புக்கு மேலே ஆளைக் காணக் கிடைக்காது. பேஸ்மென்ட் கூரையில் ஒரு பலகையைக் கழற்றிவிட்டு, அதற்குள் தலையையும் தோளையும் விட்டுக்கொண்டு நிற்பார். அந்த மனுசன் நிலத்தில் நின்று என் முகத்தைப் பார்த்துக் கதைத்த நேரங்களை விரல் விட்டு எண்ணலாம். தலையை உள்ளே விட்டபடி கதைத்ததை எழுதப் போனால் ஒரு புத்தகம் போடலாம்.

பழைய வீடுகளில் சூட்டுக் காற்று போகும் குழாய்களைத் திருத்துவது அவருடைய வேலை. மொன்றியலில் எங்கள் சனம் இருந்த பழைய வீடுகளில் பெரும்பாலும் சுவரோரம் நீளமாக ஒரு ஹீட்டர் இருக்கும், அவ்வளவுதான். நாங்கள் செயின்ட்-மிஷேலில் வாங்கிய வீடோ வேறு வகை. கீழே பேஸ்மென்டில் ஒரு பெரிய சூட்டு மெஷின், அதிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் ஒரு தகரக் குழாய், அறையின் தரையில் காற்று வரும் ஒரு வாய், அதன்மேல் இரும்பு மூடி. குழாய்கள் பொருத்துக்குப் பொருத்து விட்டுப்போய், மேலே வரவேண்டிய சூடெல்லாம் வழியிலேயே ஒழுகிக்கொண்டிருந்தது. பேஸ்மென்டில் கிடந்த பழைய சாமான்கள் கொழும்பு வெயில் காய்ந்தன. மேலே என் பிள்ளைகள் குளிர்ச்சட்டையோடு படுத்தார்கள்.

என் கணவரிடம் சொன்னால், "இன்னொரு போர்வை குடுமன்" என்பார். அவருக்குச் சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை, பகல் முழுக்க முன்னறையில் நித்திரை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்தால் தங்களுக்குள் பிரெஞ்சில் குசுகுசுப்பார்கள். நான் ஏதும் கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் வரும். வாய் நிறையத் தமிழை வைத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாமல், சமையலறையில் ரேடியோவோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த ரேடியோவும் நான் கேட்டதற்கு ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் மீன் வாங்கும் கடைக்காரர்தான் ஆளை அனுப்பினார். "வேலை சுத்தம். ஆனால் கதையை எதிர்பாராதேங்கோ, அக்கா" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். வந்தவருக்கு நாற்பது வயது மதிக்கலாம். உயரம், அந்த உயரத்துக்கு மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு கூனல். "வாங்கோ அண்ணை" என்றேன். தலையை ஆட்டினார். கண் என் முகத்துக்கு வரவில்லை. என் தோளுக்குப் பின்னால் தொங்கிய கலண்டரில் போய் நின்றது.

நான் கதவைச் சாத்தினேன். அவர் போய் அதை ஒரு சாண் திறந்து, தன் சப்பாத்தை இடையில் வைத்தார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. வீட்டில் பெண்பிள்ளை, வந்திருப்பது முன்பின் தெரியாத ஆம்பிளை. தெருவால் போகிறவர்கள் ஒன்றும் நினைக்கக்கூடாதாம். தெருவால் போனது பனி வழிக்கிற வண்டி மட்டும்தான். "இவர் உள்ளுக்குத்தான் படுத்திருக்கிறார், அண்ணை" என்று சொல்லியும் கேட்கவில்லை. சூடு வீணாய்ப் போகாமல் அடைக்க வந்த மனுசன், ஜனவரிக் குளிரை வீட்டுக்குள் விட்டுவிட்டு ஏணியோடு கீழே இறங்கிப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தை ஒரு கத்தரிக்காயில் காட்டினேன்.

அந்தக் கத்தரிக்காயைப் பொரித்துக்கொண்டு நின்றபோதுதான் என் காலடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தங்கச்சி, நல்லெண்ணெயிலையோ பொரிக்கிறியள்?"

கையிலிருந்த கரண்டி போன இடம் தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். தரையில் இருந்த இரும்பு மூடிக்குள்ளிருந்துதான் வந்தது. திக்கல் திணறல் இல்லாத, கொஞ்சம் பகிடி கலந்த குரல். மேலே வாய் திறக்காமல் நின்றவரின் குரல் என்று நம்பவே கஷ்டமாக இருந்தது.

"ஓம்" என்று நிலத்துக்குச் சொன்னேன்.

"நல்லா மணக்குது. உங்கடை கறி மணம் முழுக்க இந்த உடைவாலை பேஸ்மென்டுக்குத்தான் வருது. மேலை போற சூடும் அப்பிடித்தான். இதுக்குத் துணி டேப் சுத்தினவன் ஆரெண்டு தெரிஞ்சால் சொல்லுங்கோ, ஆளிட்டை நாலு கேள்வி கேக்கவேணும்."

அன்று தொடங்கியது. அவர் ஒரு குழாயை முடித்து அடுத்ததற்குப் போகப்போக, குரலும் அறை மாறும். நானும் வெங்காயத் தட்டைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் பின்னால் போவேன். முன்பு இருந்தவர்களின் கரண்டி, பொம்மையின் ஒரு கால், பல் உடைந்த சீப்பு என்று குழாய்க்குள் அகப்பட்டதை எல்லாம் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பக் கதை கட்டுவார். நான் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் துடைப்பேன். வேலை முடிந்து மேலே வந்ததும் ஆள் மாறிவிடுவார். "தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ அண்ணை?" என்று கேட்டால், கோப்பையைப் பார்த்துத் தலையாட்டல். அவ்வளவுதான்.

அவர் வேதக்காரர், திருகோணமலைப் பக்கத்துக் கத்தோலிக்கர். ஆனால் ஓட்டை தேடுவது ஊதுபத்தியால். மெஷினின் காற்றாடியை ஓடவிட்டு, புகையைப் பொருத்துகளோரம் பிடித்துக்கொண்டு போவார். புகை எங்கே குழம்பி ஓடுகிறதோ அங்கே ஓட்டை. அந்த இடத்தில் சாம்பல் நிறப் பசை ஒன்றைத் தூரிகையால் அப்புவார். கடையில் ஊதுபத்திப் பெட்டி வாங்கினால், பெட்டியில் இருக்கும் பிள்ளையார் படத்தைக் கத்தரித்துக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவாராம். தன் சாமி இல்லையென்றாலும் குப்பையில் போட மனம் வராதாம். இதையும் எனக்குச் சொன்னது என் பிள்ளைகளின் கட்டிலுக்குக் கீழே இருந்த காற்றுவாய்தான். அன்று நித்திரையால் எழும்பி வந்த என் கணவர் மூக்கை உறிஞ்சி, "என்ன, வீட்டிலை பூசையோ?" என்றார். "ஓம், பேஸ்மென்டுக்கு" என்றேன்.

அவர் அடிக்கடி போகும் வீடுகளில் ஒன்று, தனியே இருந்த ஒரு பிரெஞ்சுக் கிழவியின் வீடு. அவவுக்குத் தமிழ் தெரியாது, இவருக்குப் பிரெஞ்சில் 'போன்ஜூர்', 'மெர்சி' தவிர வேறொன்றும் ஓடாது. ஆனாலும் இவர் குழாய்க்குள்ளிருந்து தமிழில் கதைப்பாராம், அவ மேலே கதிரையில் இருந்து பிரெஞ்சில் பதில் சொல்லுவாவாம்.

"என்னண்ணை கதைக்கிறவ?"

"அவவின்ரை மனுசன் செத்துப்போனார் எண்டு நினைக்கிறன். இல்லாட்டிப் பூனை செத்திருக்கவேணும். ஏதோ ஒண்டு செத்தது விளங்கினது. நான் எங்கடை அம்மா செத்த கதையைச் சொன்னன். அவ அழுதா. பேந்து கேக் தந்தா."

"கேக்கை வாங்கேக்கை ஏதும் சொன்னீங்களோ?"

"மெர்சி எண்டன். அவ அங்காலை திரும்பின பிறகு."

என் இளையவளின் பிறந்தநாளுக்கு அவரையும் கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன் என்று ஆகிவிட்டது. வந்தார், சுவரோடு சாய்ந்து நின்றார், ஒரு ரோல்ஸை நெடுநேரம் சாப்பிட்டார். அங்கே நின்ற ஆம்பிளைகள் நாலைந்து பேர் அவரைச் சூழ்ந்துகொண்டு, "அண்ணை ஒரு வசனம் பேசுங்கோவன் பாப்பம்" என்று பகிடி பண்ணத் தொடங்கினார்கள். முகம் சிவந்து, கொண்டுவந்த பரிசைக் கதிரையில் வைத்துவிட்டு, மேலங்கிகூடப் போடாமல் வெளியே போய்ப் பனிக்குள் நின்றார். அந்த ஆட்களுக்கு நான் கொடுத்த கிழியலை அவர்கள் இன்றைக்கும் மறந்திருக்க மாட்டார்கள். எல்லாரும் போன பிறகு என் கணவர், "இந்தாளோடையே நீர் மணிக்கணக்காக் கதைக்கிறனீர்? ஊமை மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். கதைக்கிற ஆள் கீழே, கதைக்காத ஆள் முன்னறையில் என்று சொல்ல வாய் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

ஒருநாள் நேரே கேட்டுவிட்டேன். "அண்ணை, மேலை வந்தால் ஏன் வாய் திறக்கிறியள் இல்லை?"

தூரிகையைப் பசை வாளிக்குள் போடும் சத்தம் கேட்டது.

"தெரியேல்லை தங்கச்சி. ஆரும் என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டால், நான் சொல்லுறது பிழைச்சுப் போறது அவையின்ரை முகத்திலை தெரியும். உடனை நிப்பாட்டிப் போடுவன். இஞ்சை இருட்டுக்குள்ளை அந்தக் கரைச்சல் இல்லை."

இந்த மனுசனுக்கு ஊரில் ஒரு மனைவி இருந்தாள். கல்யாணம் முடித்த சூட்டோடு இவர் நாட்டை விட்டு வெளிக்கிட்டுவிட்டார். மகள் பிறந்தது இவர் மொன்றியலுக்கு வந்த பிறகு. அகதி வழக்கு இழுபட்டு, பிறகு அவர்களைக் கூப்பிடப் போட்ட ஸ்பொன்சர் இழுபட்டு, பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்துவிட்டது. ஞாயிறு தோறும் சேர்ச்சில் பூசை முடிந்து வந்து, வெளிநாட்டுக்குக் கதைக்கும் போன்காட் ஒன்றின் நம்பரைச் சுரண்டி, அது முடியுமட்டும் இருவரோடும் கதைப்பார். மகளுக்கு ஒரு தொடர்கதை வேறு. மொன்றியல் வீடுகளின் குழாய்களுக்குள் குடியிருக்கும் ஒரு எலியின் கதை. "போனிலை முகம் இல்லைத்தானே, தங்கச்சி. லேசு" என்றார் ஒருமுறை.

பிறகு ஒருநாள், நான் கூப்பிடாமலே வாசலில் வந்து நின்றார். கையில் தொப்பி, கண் நிலத்தில். ஊரில் யாரோ செத்துப்போனார் என்றுதான் நினைத்தேன். கடைசியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தானாகவே பேஸ்மென்டுக்குப் போனார். தகரத்தில் தட்டும் சத்தம் கேட்டது. நான் ஓடிப்போய்ச் சமையலறைக் காற்றுவாய்க்குப் பக்கத்தில் குந்தினேன்.

"அவைக்கு விசா வந்திட்டுது" என்றார்.

நான் சந்தோஷத்தில் என்னென்னவோ சொன்னேன். கீழே தகரத்தில் தட்டுவது மட்டும் தொடர்ந்தது.

"அண்ணை?"

"எனக்குப் பயமாக் கிடக்கு, தங்கச்சி. போனிலை கதைச்ச ஆளைத் தேடிக்கொண்டுதான் வருவினம். வந்து இறங்கினால் அங்கை நான் நிப்பன்."

அந்தச் சொல் என்னை உலுக்கிவிட்டது. இந்த மனுசனை எப்படியாவது வாய் திறக்கப் பண்ணுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். வேலை முடிந்து வரும் வழியில் வரச் சொல்லி, சமையலறை மேசையில் இருத்தினேன். "நான்தான் உங்கடை மனிசி எண்டு நினைச்சுக்கொண்டு கதையுங்கோ" என்றேன். துள்ளி எழும்பி, முன்கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். சரி போகட்டும் என்று ஒரு அரிசிச் சாக்கைத் தூக்கி எதிர்க் கதிரையில் வைத்து, என் சால்வையைச் சுற்றிவிட்டேன். அவர் அரிசிச் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேர்த்தார். நெடுநேரத்துக்குப் பிறகு வாய் திறந்தது.

"சூடு காணுமோ?"

"அவ வைகாசி மாசத்திலை வாறா, அண்ணை" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் சத்தம் வராமல் சிரித்தார். வைகாசி வரைக்கும் அந்த அரிசிச் சாக்கோடு அவர் அதற்கு மேல் போகவில்லை.

வீடு தேடும்போதும் ஒரு பிடிவாதம். பார்க் எக்ஸ்டென்ஷனில் தமிழ்க் கடைகளுக்குப் பக்கத்திலேயே நல்ல பிளாட்டுகள் இருந்தன. வேண்டாம் என்றுவிட்டு, சென்ட் லோரன்டில் காற்றுக்குழாய் ஓடும் பழைய வீடு ஒன்றை, பேஸ்மென்டோடு சேர்த்து, சக்திக்கு மீறி வாடகைக்கு எடுத்தார். குளிர் பழகாதவர்கள் வருவதற்கு நல்ல சூடான வீடாகப் பார்த்தாரே என்று நான் கண்டவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னேன்.

விமான நிலையத்துக்கு நானும் என் கணவரும் போயிருந்தோம். அவருடைய மனைவி மெல்லிய, சுறுசுறுப்பான பெண். வந்த களையிலும் என்னோடு வாய் ஓயாமல் கதைத்தாள். மகள் அவருக்கு முன்னாலேயே நின்றுகொண்டு, "அப்பா எங்கை?" என்று கேட்டாள். தாய் காட்டினாள். பிள்ளை அண்ணாந்து அவரைக் கனநேரம் பார்த்தது. பிறகு தாயிடம் திரும்பி, "இவர் கதைக்கேல்லையே" என்றது. அவர் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு கார்ப் பக்கம் நடந்தார்.

சில கிழமைகள் கழித்து, பஸ் பிடித்து என் வீட்டுக்குத் தனியே வந்தாள் அந்தப் பெண். கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

"அக்கா, ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. போனிலை என்னோடை கதைச்சது இவர்தானோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுடைய கண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"இவ்வளவு வருசம் தனிய இருந்த மனிசன், அங்கை வேறை பொம்பிளை ஆரும் இருப்பினம் எண்டு ஊரிலை சனம் சொன்னது. அதுக்குக்கூட மனசைத் திடப்படுத்திக்கொண்டுதான் வந்தனான். இதுக்கு இல்லை அக்கா. ஒரே மேசையிலை இருந்து சாப்பிடுறம். கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேக்குது. நான் ரொறொன்ரோவிலை இருக்கிற எங்கடை அண்ணையிட்டைப் போகப் போறன்."

நான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது எனக்கே பைத்தியக்காரக் கதைபோல இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். அவர் வழக்கம்போலப் பேஸ்மென்டில். தாயையும் மகளையும் தரையில் காற்றுவாய்க்குப் பக்கத்தில் இருத்திவிட்டு, மூடிக்குள் கூப்பிட்டேன். "அண்ணை, உங்கடை ஆக்கள் இஞ்சை பக்கத்திலை இருக்கினம். நான் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போடுறன்."

கீழே ஏணி கிரீச்சிட்டது. பிறகு குரல் வந்தது.

"ஹலோ? கேக்குதோ?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "கேக்குது, கேக்குது" என்றாள்.

"என்ன சாப்பிட்டனீர்?"

ஒரே வீட்டில், ஒரே பானையில் சாப்பிட்ட மனுசன் கேட்கிறார். அவளும் ஒன்றுவிடாமல் சொன்னாள். பிள்ளை தரையில் குப்புற விழுந்து, இரும்பு மூடியில் கன்னத்தை வைத்து, "அப்பா, எலிக்கு என்ன நடந்தது?" என்று கத்தியது. நான் பஸ்ஸில் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வீடு வந்தேன். பக்கத்தில் இருந்த ஹெயிட்டிப் பெண் எனக்குத் துடைக்கக் கடதாசி தந்தா.

அந்தக் கோடை முழுக்க அந்த வீடு வீடாக இருந்தது. ஞாயிறு தோறும் கீழேயிருந்து கதை, மேலேயிருந்து சிரிப்பு. மற்ற வீடுகளில் குழாய்க்குள் ஒரு ஊசி கிடந்தாலும் எடுக்காமல் விடாத மனுசன், தன் மகள் எலிக்கென்று மூடியின் இடுக்கால் போட்ட பாதிப் பிஸ்கற்றுகளை எல்லாம் கைவைக்காமல் விட்டிருந்தார். எனக்கும் என்னவோ தலைப்பாரம் இறங்கினதுபோல இருந்தது. அவர் என் வீட்டுப் பக்கம் வருவது குறைந்துவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

பிறகு நடந்ததை அவள்தான் சொன்னாள். ஒரு ஞாயிறு, மகளைக் காற்றுவாயில் கதைக்க விட்டுவிட்டு, வெறுங்காலோடு படியால் இறங்கிக் கீழே போயிருக்கிறாள். வேறொன்றுக்கும் இல்லை. கதைக்கும்போது அவருடைய முகம் எப்படி இருக்கும் என்று ஒருக்காப் பார்க்க ஆசை. ஏணியில் கால்கள் நின்றன. மேலே கூரைக்குள் அவர் சிரித்துச் சிரித்து எலியின் குரலில் கதைத்துக்கொண்டிருந்தார். அவள் மெதுவாக அவருடைய காலைத் தொட்டாள். கதை நின்றது. தலையை வெளியே எடுத்து அவளைப் பார்த்தார்.

"களவெடுக்கேக்கை பிடிபட்ட ஆள் மாதிரி முகம், அக்கா. நான் ஒண்டும் செய்யேல்லை. அப்பிடியே மேலை ஏறி வந்திட்டன்."

அதற்குப் பிறகு கீழேயிருந்தும் சத்தம் வரவில்லை. ஏணியில் ஏறுவாராம், தலையை உள்ளே விடுவாராம், கொஞ்சம் பொறுத்துக் கீழே குனிந்து படிப் பக்கம் பார்ப்பாராம். யாரும் நிற்கமாட்டார்கள். ஆனாலும் வார்த்தை வராது. பிள்ளை மேலேயிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்து, தொலைக்காட்சிக்குப் போய்விட்டது. அவள் பனி விழ முந்தியே மகளைக் கூட்டிக்கொண்டு ரொறொன்ரோவுக்குப் போனாள். "ஒரு சண்டை பிடிச்சிட்டுப் போயிருந்தாலும் பரவாயில்லை. சண்டைக்கும் வாய் வேணுமே, அக்கா" என்றாள் போகிற அன்று.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேரே அவருடைய வீட்டுக்குப் போனேன். வெறும் மேசை, மூன்று கதிரைகள். "ஒரு சொல்லு, அண்ணை. 'போகாதை' எண்டு ஒரு சொல்லு உங்கடை வாயிலை வரேல்லையோ?" என்று கத்தினேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதடு இரண்டு தரம் அசைந்தது. பிறகு, நான் தனியே வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் நினைவு வந்ததுபோலப் போய், வாசற்கதவை அகலத் திறந்து வைத்தார். நான் அழுதுகொண்டு வெளியே வந்தேன்.

அந்தக் குளிர்காலத்தின் நடுவில் ரொறொன்ரோவிலிருந்து போன் வந்தது. அழுகைக் குரலை எதிர்பார்த்துத்தான் எடுத்தேன். அவளோ சின்னப் பெண்போலச் சிரித்துக்கொண்டு கதைத்தாள்.

"ஞாயிறு தவறாமல் எடுக்கிறார், அக்கா. மணிக்கணக்காக் கதைக்கிறார். நேற்று நான் புளிக்குழம்பு எப்பிடி வைச்சனான் எண்டு கேட்டுக் கேட்டு, என்னைப் பகிடி பண்ணி, சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு நொந்துபோச்சு. பிள்ளை போனை ஸ்பீக்கரிலை போட்டிட்டுப் பக்கத்திலை படுத்துக் கிடப்பாள். எலி இப்ப ரொறொன்ரோவுக்கு வெளிக்கிட்டிருக்காம். அந்தப் பழைய ஆள் அப்பிடியே திரும்பி வந்திட்டார், அக்கா."

எனக்கு மனம் நிறைந்துவிட்டது. "பேந்தென்ன?" என்றேன். "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு திரும்பி வாருமன்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"வந்தால் கதைக்க மாட்டார், அக்கா" என்றாள்.